மண்ணோரத்து ஒரு சாண்

வேலிக்கு மரம் கேட்டு வருகிறவர்கள் எங்கள் கடையில் நேராகப் போய் நிற்பது பலகை அடுக்குக்கு முன்னால்தான். ஒரு பலகையை உருவுவார்கள், தடவிப் பார்ப்பார்கள், கைப்பேசியில் வைத்திருக்கும் படத்தோடு நிறத்தை ஒப்பிடுவார்கள். வேலிக்கால் எந்த மரத்தில் வேண்டும் என்று கேட்டால், "அதுக்கு ஏதாச்சும் போடுங்கக்கா, மண்ணுக்குள்ளதானே போகுது" என்பார்கள்.

பெட்டாலிங் ஜெயாவின் சுங்கை வேயில் ஒரு மரக்கடையில் நான் கிராணி. பில் எழுதுவதும் லோரிக்கு ஆள் சொல்வதும் என் வேலை. சில வருடம் கழித்து வேலி சாய்ந்துவிட்டது என்று திரும்பி வருகிறவரும் என் மேசைக்குத்தான் வருகிறார். நல்ல பலகைகளை வைத்துக்கொண்டு வேலி அப்படியே தெருப்பக்கம் படுத்திருக்கும். அழுகியது கால். அதுவும் கால் முழுக்க இல்லை. மண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலும் கொஞ்சம் கீழுமாக ஒரு சாண். பிடுங்கிப் பார்த்தால் அடிமுனை பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். மேலே இருக்கும் நாலடிக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. நடுவில் இருக்கும் அந்த ஒரு சாண் மட்டும் விரலால் கிள்ளி எடுக்கிற மாதிரி இருக்கும்.

காரணம் எளிது. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரம், காற்று, இளஞ்சூடு மூன்றும் சேர்ந்து வேண்டும். மரத்துக்குள் ஈரம் இருபது விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அதற்குப் பிழைப்பில்லை. தரைக்கு மேலே இருக்கிற பகுதி மழையில் நனைந்தாலும் வெயிலில் காய்ந்துவிடுகிறது. ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. மண் மட்டத்தில்தான் ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகேறி பூலாவ் கெத்தாம் போனவர்கள் சேற்றில் நிற்கும் வீட்டுக் கால்களைக் கவனித்திருப்பார்கள். அங்கேயும் கெடுவது பெரும்பாலும் அலை ஏறி இறங்கும் மட்டத்தில். கட்டடக்காரர்கள் இளகிய மண்ணில் அடித்திறக்கும் பாக்காவ் கழிகளும் இதே கணக்குதான். கண்டல் மரம், வெளியே போட்டால் சீக்கிரம் உளுத்துவிடும். நிலத்தடி நீருக்குக் கீழேயே இருக்கும்வரை பல பத்தாண்டுகள் கிடக்கும்.

சூட்டுக்கும் ஈரத்துக்கும் நம் ஊரில் பஞ்சமில்லை. சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. கோலாலம்பூர் வட்டாரத்தில் சுமார் 2,500. அங்கே பருவம் முடிந்தால் மண் காய்ந்து வெடிக்கும். இங்கே காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். அதனால்தான் ஊருக்குப் போய்வந்த யாராவது, "எங்க பெரியப்பா வீட்டுல வேப்பமரக் கால் நட்டு எத்தனையோ வருசமாச்சு, இன்னும் நிக்குது" என்று சொன்னால் நான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வேன்.

கறையான் வேறு. பெட்டாலிங் ஜெயாவே எஃபிங்காம் என்கிற ரப்பர் தோட்டத்தின் மேல் எழுந்த ஊர், கறையானுக்கு இந்த மண் புதிதில்லை. இங்கே வீடுகளில் அதிகம் கைவைக்கும் கறையான் மண்ணுக்கடியில் கூடு கட்டி வாழ்கிற ரகம். மண்ணில் நிற்கும் மரக்கால் அதற்கு ஏணி. வேலி வீட்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றால், கால் வழியாக ஏறிக் குறுக்குச்சட்டத்தில் நடந்து கூரைக்கே போய்விடும். வேலிக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற அளவு இடைவெளி விடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எந்த மரம் மண்ணில் எத்தனை காலம் நிற்கும் என்பதை நம் நாட்டில் ஊகிக்க வேண்டியதில்லை. கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சி நிலையம், 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததே அந்த வளாகம், பல பத்தாண்டுகளாக இதைச் சோதித்து வந்திருக்கிறது. இரண்டுக்கு இரண்டு அங்குலக் குச்சி, இரண்டடி நீளம். மரத்தின் நடுவிலுள்ள வைரப்பகுதி மட்டும், மருந்து எதுவும் கிடையாது. மண்ணில் வரிசையாக நட்டுவிட்டு, அவ்வப்போது பிடுங்கிப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். கல்லறைச் சோதனை என்றே அதற்குப் பெயர். பத்து வருடத்துக்கு மேல் நின்றால் மிக உறுதி. ஐந்திலிருந்து பத்து என்றால் உறுதி. இரண்டிலிருந்து ஐந்து என்றால் நடுத்தரம். இரண்டு வருடத்துக்குள் போய்விட்டால் உறுதியற்றது. நாலங்குலக் கால் அந்தக் குச்சியைவிடக் கூடுதல் காலம் நிற்கும். ஆனால் எது எதைவிட மேல் என்பது மாறாது.

அந்த வரிசையில் முதலில் நிற்பது செங்கால். திரெங்கானு படகுகளும் பழைய மலாய் வீடுகளின் தூண்களும் அதில்தான். அறுத்த புதிதில் வெளிர் மஞ்சளாக இருக்கும். போகப்போக அடர்ந்த பழுப்பாகிவிடும். பாலாவ் அதற்கு அடுத்தபடி. சரவாக்கில் மிளகுக்கொடி படர நடும் பெலியான் இரும்பு மாதிரியே. நம் பக்கம் கிடைப்பது அரிது. தெம்புசு கிடைத்தால் விடாதீர்கள்.

இரண்டு இடத்தில் மட்டும் எச்சரிக்கை. சிவப்பு பாலாவ் என்று ஒன்று உண்டு. பெயரில் பாலாவ் இருக்கிறதே என்று வாங்கிக் காலாக நடுகிறார்கள். அது நடுத்தரம்தான். பலகைக்கு எடுங்கள், மண்ணில் நடாதீர்கள். இன்னொன்று மெர்பாவ். 2019-ல் நாட்டின் தேசிய மரமாக அறிவித்தார்கள். கனமான மரம், அழகும் உண்டு. ஆனால் மண்ணில் நட்டால் செங்காலோடு போட்டிபோடாது. கனத்தை வைத்து உறுதியைக் கணிப்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். கெம்பாஸ் தூக்க முடியாத கனம். மருந்தில்லாமல் மண்ணில் வைத்தால் கறையானுக்கு விருந்து.

ரப்பர் மரத்தைக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதன்மேல் ஒரு பாசம், எனக்கும் உண்டு. கோலசிலாங்கூர் பக்கத் தோட்டத்திலிருந்து இங்கே சுதந்திர வர்த்தக வட்டார ஆலைக்கு வேலைக்கு வந்தவள்தான் நான். மேசைக்கும் நாற்காலிக்கும் ரப்பர் மரம் அருமை. வெளியே வைத்தால் இரண்டு வருடம் தாங்காது. ஒருவர் விடாமல் கேட்டார்: "நம்ம மரம்தானேக்கா, பெயிண்ட் அடிச்சுட்டா?" பெயிண்டை மழைக்குத் தெரியும், கறையானுக்குத் தெரியாது என்றேன். இருவரும் சிரித்தோம்.

சரி, எல்லாவற்றையும் செங்காலிலேயே போட்டுவிடலாமா? பணம் இருந்தாலும் வேண்டாம் என்பேன். தீபகற்ப மலேசியாவை விட்டால் அதிகம் எங்கும் வளராத, மெதுவாக வளர்கிற மரம் அது. அழியும் ஆபத்துள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. அதை எங்கே போட்டால் பலன் என்பதற்கு ஒரு கணக்கு காட்டுகிறேன்.

மூலை வீட்டுக்கு நாற்பதடி வேலி என்று வையுங்கள். எட்டடிக்கு ஒரு கால், மொத்தம் ஆறு. நாலுக்கு நாலு, ஏழடி நீளம்: இரண்டடி மண்ணுக்குள், ஐந்தடி வெளியே. மரம் ஐந்து கன அடிக்குக் கொஞ்சம் குறைவு. குறுக்குச்சட்டம் இரண்டுக்கு மூன்று, இரண்டு வரிசை: மூன்று கன அடியும் கொஞ்சமும். பலகை ஒன்றுக்கு நாலு, நாலரையடி உயரம், அரையங்குல இடைவெளி விட்டு நிறுத்தினால் நூற்றேழு பலகை: பதின்மூன்றரை கன அடிக்குச் சற்றுக் குறைவு. மொத்தத்தில் சுமார் இருபத்தொன்றரை. எங்கள் கடைக் கணக்கில் ஐம்பது கன அடி ஒரு டன். ஆக அரை டன்கூட இல்லை. அதில் கால்களின் பங்கு ஐந்தில் ஒன்றுதான். அந்த ஐந்தில் ஒன்றைச் செங்காலில் எடுங்கள். சட்டமும் பலகையும் சிவப்பு பாலாவோ காப்பூரோ மருந்தேற்றிய கெம்பாஸோ, கைக்கு எட்டுகிற எதுவோ எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பார்வைக்குத் தெரிகிற பலகையில் காசைக் கொட்டிவிட்டு, வேலியைத் தாங்குகிற காலில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

மருந்தேற்றிய மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பச்சை நிறத்தில் அடுக்கியிருப்பது அதுதான். இரும்பு உருளைக்குள் மரத்தை வைத்து, முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த கரைசலை அழுத்தத்தோடு ஏற்றுவார்கள். முறையாக ஏற்றினால் கெம்பாஸும் குருயிங்கும்கூட மண்ணில் வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் எல்லா மரமும் மருந்து குடிக்காது. செங்கால், பாலாவ் இவற்றின் வைரப்பகுதி மூடிய கதவு. ஆகவே மருந்தேற்றிய பாலாவ் என்று யாராவது விற்றால் நீங்கள் வாங்குவது பாலாவும் கொஞ்சம் பச்சைச் சாயமும். வாங்கும்போது மண்ணில் நடுவதற்கு என்று சொல்லிக் கேட்க வேண்டும். கூரைக்குள் போடும் மரத்துக்கு ஏற்றும் அளவு மண்ணுக்குப் போதாது. வீட்டில் கொண்டுபோய் அறுத்தால், அறுத்த முகத்தில் மருந்தில்லாத மரம் வெளியே தெரியும். அங்கே திரும்பப் பூச வேண்டும். அறுக்காத முனையை மண்ணுக்குள்ளும் அறுத்த முனையை மேலேயும் வைப்பது இன்னும் நல்லது. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு இந்த மருந்தை 2003 முடிவோடு நிறுத்திக்கொண்டார்கள். நம் ஊரில் புழக்கத்தில் இருக்கிறது. குழந்தைகள் தொங்கி விளையாடும் இடத்திலும், கீரைப்பாத்தி ஓரத்திலும் நான் இதைத் தரச் சொல்வதில்லை.

பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் சிலிப்பர் கட்டை கேட்பதுண்டு. ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தலைமுறை. மலாயா ரயில்வேயில் அந்தக் காலத்தில் செங்கால் கட்டையும் போட்டார்கள், கிரியோசோட் ஏற்றிய கெம்பாஸும் போட்டார்கள். பாதை கான்கிரீட் கட்டைக்கு மாறியபோது பழையவை வெளியே வந்தன. தோட்டம் போடுகிறவர்கள் வாங்கினார்கள். செங்கால் கட்டை கிடைத்தால் யோகம். தார் வாசம் அடித்துக் கறுப்பாகக் கசிந்தால் அது கிரியோசோட். வெயிலில் தொட்டால் தோல் எரியும். வாசலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அந்தப் பக்கத்துப் பாட்டி ஒருவர், ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோவிலுக்குத் தவறாமல் போகிற யாழ்ப்பாணத்து வம்சம், மகனோடு கடைக்கு வந்திருந்தார். மகன் காலுக்கு விலை பேசிக்கொண்டிருக்க, இவர் என்னிடம், "ஏன் பிள்ளை, செத்த மரத்தை நட்டுப்போட்டு அது உக்கிப்போகுதெண்டு அழுறியள்? எங்கட அப்பம்மாவின்ர ஊரில உயிர்க் கதியாலெல்லோ நடுறவை" என்றார். கிளுவையிலும் பூவரசிலும் வெட்டிய கம்பை நட்டால் அது வேர்விட்டுத் தளிர்க்கும். அதில் கிடுகைக் கட்டினால் வேலி. அழுகுவதற்கு வழியே இல்லை, உயிரோடு இருக்கிறதே. கொங்கு நாட்டில் காங்கேயம் மாடு மேயும் கொறங்காட்டைச் சுற்றிலும் இதே வேலைதான், முள்ளுக்கிளுவையில். பாட்டி சொன்னது சரி. ஆனால் வருடா வருடம் கழிக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரோடு வழக்கும் வரும். இருபதடி அகல வரிசை வீட்டில் அதற்கு இடமில்லை. மகன் செங்கால் எடுத்துப் போனார்.

வேலி என்ற சொல்லே எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலருக்கு வேறொன்றை நினைவுபடுத்தும். 1948-ல் தொடங்கிய அவசரகாலத்தில் சுங்கை வே புதுக்கிராமமாக உருவானது. முள்கம்பிக்குள் மக்களைக் குடியமர்த்தி, ஊரடங்கு போட்டு, அரிசியை அளந்து கொடுத்த காலம். தோட்டங்களிலும் லயங்களை ஒன்றாகக் கூட்டிக் கம்பி கட்டினார்கள். இன்று அதே ஊரில் கம்பி வேண்டாம், மரவேலிதான் அழகு என்று வருகிறார்கள்.

மரக்கடையில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது முனையைப் பாருங்கள் என்பது. முகம் ஏமாற்றும். முனையில் நடு வைரமும் ஓர வெள்ளைமரமும் நிறத்தில் பிரிந்து தெரியும். அந்த வெள்ளையோரம் எந்த மரத்திலும் உறுதி கிடையாது, செங்காலிலும்கூட. கல்லறைச் சோதனை சொல்வதெல்லாம் வைரத்துக்கு மட்டும். காலின் ஒரு பக்கம் வெளுப்பாக இருந்தால் வேறு கட்டை கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். மெர்பாவின் துளைகளில் கந்தகம் மாதிரி மஞ்சள் பொடி இருக்கும். காப்பூரை அறுத்தால் கற்பூர வாசம் வரும். குருயிங்கில் பிசின் கசியும். பில்லில் கலப்பு மரம் என்று எழுதியிருந்தால் எது வேண்டுமானாலும் வரலாம். கால் வாங்கும்போது மரத்தின் பெயரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதுகிறவள் நான்தான், ஆனாலும் கேளுங்கள்.

பழைய வீடு இடிக்கும் இடத்தில் செங்கால் தூண் கிடைத்தால் புதிதைவிட அது மேல். ஏற்கெனவே காய்ந்தது, இனித் திருகாது. உள்ளே ஆணி இருக்கும், அறுக்கும் தச்சர் திட்டுவார். புது மரமோ ஈரம் காயாமல் பச்சையாகவே கைக்கு வரும். கன மரத்தில் ஓரங்குலப் பலகை காய்வதற்கே மாதக்கணக்கு ஆகும். அதனால் பலகைகளை ஒட்ட ஒட்ட அடிக்காதீர்கள். காய்ந்து சுருங்கி, அவையே சந்து விட்டுக்கொள்ளும், அதுவும் ஒரே சீராக இருக்காது.

மெர்பாவ் பலகை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புது மெர்பாவ் மழையில் சிவந்த சாறு விடும். தீபாவளிக்கு வெள்ளையடித்த சுவரோரம் புதிதாக மெர்பாவ் அடித்து, முதல் மழையிலேயே வெற்றிலை துப்பிய மாதிரி ஆக்கிக்கொண்ட வீட்டை நான் பார்த்திருக்கிறேன். சில வாரம் வெளியே போட்டு நான்கைந்து மழையில் நனையவிட்டு அதன் பிறகு அடியுங்கள். சாதாரண இரும்பாணி வேண்டாம். இந்த மரங்களின் சாறும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புக் கறை ஓடும். துருப்பிடிக்காத எஃகுத் திருகு வாங்கி, முதலில் துளையிட்டு முறுக்குங்கள். பாலாவில் துளையிடாமல் முறுக்கினால் திருகின் தலை கையோடு வந்துவிடும்.

நடும்போது காலின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு ஜல்லி போடுங்கள், தண்ணீர் இறங்கட்டும். சிமெண்ட் ஊற்றுகிறவர்கள் அதைத் தரைக்குக் கொஞ்சம் மேலே கொண்டுவந்து, காலிலிருந்து வெளிப்பக்கம் சரிவாகத் தேய்த்துவிட வேண்டும். கிண்ணம் மாதிரிக் குழிவாக விட்டால் தண்ணீர் அங்கேயே தங்கும், செங்காலுக்கும் ஆயுள் குறையும். காலின் தலையைச் சரிவாக வெட்டுங்கள். மரம் பக்கவாட்டில் உறிஞ்சுவதைவிட முனை வழியாகப் பல மடங்கு உறிஞ்சும். பலகையின் அடி தரையிலிருந்து மூன்று அங்குலமாவது தூக்கி நிற்கட்டும். எண்ணெய் பூசினால் வருடம் ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். பூசாமல் விட்டால் சாம்பல் நிறமாகும், அதனால் கேடில்லை. வார்னிஷ் வெயிலில் உரியும்.

இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு நேர்வழி ஒன்று இருக்கிறது. என் கடைக்கு நஷ்டம் என்றாலும் சொல்கிறேன். துத்தநாகப் பூச்சு ஏறிய இரும்புக் கால் நட்டு, மரத்தை மண் தொடாமல் அதில் திருகிவிடுங்கள். அல்லது சிமெண்டில் இரும்புச் செருகு பதித்து, அதன்மேல் மரக்காலைத் தூக்கி நிறுத்துங்கள். மண்ணோரத்து ஒரு சாணில் மரமே இல்லை என்றால் பூஞ்சைக்கு வேலையில்லை. அப்போது காலுக்குச் செங்கால்கூடத் தேவைப்படாது.

மிச்சம் விழும் துண்டுகளைப் பற்றி ஒன்று. பொங்கல் நெருங்கினால் கடைக்குப் பின்னால் கிடக்கும் கட்டைகளைக் கேட்டு ஆள் வருவார்கள், வாசலில் பானை வைக்க விறகு வேண்டுமே. மருந்தேற்றிய பச்சைக் கட்டையை யாருக்கும் கொடுக்க மாட்டேன். அதை எரித்தால் புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக் இருக்கும். குப்பை லோரிக்குத்தான் அது போக வேண்டும். உங்கள் வீட்டில் வேலி வேலை முடிந்து மீந்ததையும் அடுப்பில் வைக்காதீர்கள். பானைக்கு விறகு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், மருந்து படாத துண்டுகளைத் தனியாக எடுத்து வைக்கிறேன்.